லீசு காரா, செகண்ட் ஹேண்ட் காரா?

போன மாதம் ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு வீட்டம்மாவுக்கு நெஞ்சை அடைக்கிற மாதிரி இருந்தது. ஆம்பூரிலிருந்து வேலூர் சி.எம்.சி.க்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். தெரிந்த டாக்ஸி டிரைவர்கள் நாலு பேருக்குப் போன் போட்டேன், ஒருவரும் எடுக்கவில்லை. 108-ஐக் கூப்பிட்டிருக்கலாமே என்பீர்கள். பதற்றத்தில் அது தோன்றவே இல்லை. கடைசியில் பக்கத்து வீட்டு பாய்தான் தன் காரை எடுத்தார். நல்லவேளை, வெறும் வாயுத் தொல்லை. ஆனால் 68 வயதானாலும் வீட்டில் ஒரு வண்டி வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

பெங்களூரில் இருக்கும் மகன், "வாங்காதீங்கப்பா, லீசுக்கு எடுங்க. மாசா மாசம் கட்டினா போதும். இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் அவங்களே பாத்துப்பாங்க" என்றான்.

லீசு என்றால் நம் ஊர்க்காரர்களுக்கு வீட்டு லீசுதான் ஞாபகம் வரும். ஐந்து லட்சம் கொடுத்து மூன்று வருஷம் குடியிருந்துவிட்டு, காலி செய்யும்போது முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு வருவோம். கார் லீசு அப்படியில்லை. பெயர்தான் லீசு, நடப்பது வாடகை. வண்டியும் திரும்பப் போய்விடும், கட்டிய பணமும் போய்விடும்.

டேனரியில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவன், சும்மா இருப்பேனா? நோட்டை எடுத்தேன். மகன் காட்டிய சின்னக் கார் மாதம் 17,500. 36 மாதத்துக்கு 6,30,000. அதிலும் மாதத்துக்கு இத்தனை கிலோமீட்டர்தான் என்று வரம்பு, நடுவில் திருப்பிக் கொடுத்தால் அபராதம்.

இங்கே நான் பார்த்து வைத்திருப்பது ஐந்து வருஷம் ஓடிய வேகன் ஆர், 3,60,000. பெயர் மாற்றம், டயர், பேட்டரிக்கு 40,000. மூன்று வருஷ இன்சூரன்ஸும் சர்வீஸும் 75,000. அந்த நாலு லட்சம் பேங்கில் கிடந்தால் வரும் வட்டியையும் விடவில்லை, அது 84,000. மொத்தம் 5,59,000. மூன்று வருஷம் கழித்து இரண்டு லட்சத்துக்கு விற்றாலும் கைவிட்டுப் போவது 3,59,000தான். நடுவில் இன்ஜின் வேலை என்று ஒரு லட்சம் இழுத்தால்கூட 1,71,000 மிச்சம். பெட்ரோல் இரண்டுக்கும் ஒன்றே.

புது வண்டியோடு பழசை ஒப்பிடலாமா என்றான் மகன். மாதம் 400 கிலோமீட்டர் ஓட்டப்போகிற எனக்குப் புதுசு எதற்கு? அவனுக்கு லீசு சரிதான். கம்பெனி மூலமாக எடுத்தால் சம்பளத்தில் வருமான வரி குறையும். எனக்கேது சம்பளம்?

பழைய வண்டியில் பயம் வேறு விதம். தோலில் உண்ணிக்கடியும் கீறலும் இருந்தால் பினிஷிங்கில் பெயின்ட் அடித்து மறைத்துவிடலாம். திருப்பி உள்பக்கம் பார்ப்பவன் ஏமாறமாட்டான். காரும் அப்படியே. பாலிஷைப் பார்க்காதீர்கள். கதவு ரப்பரைக் கொஞ்சம் உரித்து, உள்ளே வெல்டிங் புள்ளிகள் ஒரே சீராக இருக்கிறதா என்று பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கறை தெரிந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டி. 2023 டிசம்பரில் சென்னையில் எத்தனை கார்கள் மூழ்கின என்று டிவியில் பார்த்தோமே.

ஆர்.சி.யில் பேங்க் கடன் பதிவு இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். வாங்கினால் 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவித்துப் பாலிசியை நம் பெயருக்கு மாற்ற வேண்டும். விற்பவருக்கும் ஜாக்கிரதை வேண்டும். பல வருஷத்துக்கு முன் என் பழைய ஸ்கூட்டரை, வெறும் படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டு விற்றேன். வாங்கியவர் பெயர் மாற்றவே இல்லை. எங்கோ இடித்துவிட, போலீஸ் என் வீட்டுக்கு வந்தது. ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லியும் விட்டது.

அந்த வேகன் ஆருக்கு ஆர்.சி. இன்னும் பத்து வருஷம் ஓடும். அப்போது எனக்கு 78. ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போகிறேன். பின் சீட்டில் கால் நீட்ட இடம் இருக்கிறதா என்று பார்க்க வீட்டம்மாவும் வருகிறாள்.