அணையின் உயரம் தெரியும். அடியில் போன ஊர் தெரியுமா?

"ஏன்டா, மெக்கானிக்ஸ் அரியரை வச்சுக்கிட்டு கதைப் புஸ்தகம் படிக்கிறே?" என்று பக்கத்து பெஞ்ச் நண்பன் கேட்டான். கேள்வி நியாயமானதுதான். பதிலை இந்த மலரிலேயே எழுதிவிடுகிறேன்.

வைகை அணை திறந்தது 1959. தேக்கும் நீர்மட்டம் 71 அடி. சிவில் மாணவனைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். ஆனால் அந்தத் தண்ணீருக்கு அடியில் எத்தனை வீட்டு அடுப்படிகள் போயின என்று எந்தப் பாடப்புத்தகமும் நமக்குச் சொல்லவில்லை. எனக்குச் சொன்னது வைரமுத்துவின் 'கள்ளிக்காட்டு இதிகாசம்'. 2003-ல் சாகித்ய அகாதமி விருது பெற்ற நாவல். அணைக்காக ஊரை இழந்த குடும்பத்தில் பிறந்தவர் ஆசிரியர். அதனால்தான் பேயத்தேவரின் மண்வாசனை பொய்யாகத் தெரியவில்லை. சில இடங்களில் வர்ணனை ஓவர்தான். கவிஞர் குறுக்கே வந்து நிற்கிறார். ஆனாலும் அந்தக் கிழவரை மறக்க முடியவில்லை. அணையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. மதுரைக்காரன் அப்படிச் சொன்னால் வாய் வறண்டு போகும்! நாம் குடிக்கும் தண்ணீருக்கு யாரோ விலை கொடுத்திருக்கிறார்கள், அதைத் தெரிந்துகொண்டு குடிப்போம் என்கிறேன்.

அடுத்தது சோ. தர்மனின் 'சூல்'. 2019-ல் சாகித்ய அகாதமி பெற்றது. உருளைக்குடி என்ற ஊரின் கண்மாய்தான் கதாநாயகன். கண்மாயை ஊரே கூடிப் பராமரிக்கிறது. மடையைத் திறந்து பாசனம் பார்க்க நீர்ப்பாய்ச்சி இருக்கிறார். டிப்ளமோ வாங்காத இன்ஜினியர்கள்! பின்பகுதியில் கதை குறைந்து பிரசங்கம் கூடிவிட்டது என்பது என் கருத்து. ஆனால் படித்து முடித்த மறுநாள் நம்ம வண்டியூர்க் கண்மாயைக் கடந்தபோது, முதல் முறையாக பஸ் ஜன்னல் வழியாக அதைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு நாவல் இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும்?

"நாவலெல்லாம் கற்பனைதானே, உண்மைக் கதை படி" என்பார்கள் சிலர். அவர்களுக்கு இரண்டு புத்தகங்கள். ஒன்று, கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமாரின் 'லாக்கப்'. 1983-ல் ஆந்திராவின் குண்டூரில், செய்யாத குற்றத்திற்குப் போலீசிடம் அடிபட்ட அனுபவத்தை அவரே எழுதியது. 2016-ல் திரையரங்குகளுக்கு வந்த 'விசாரணை' படத்திற்கு மூலம். நம் வயதுப் பையன்கள் பிழைப்புத் தேடி வெளியூர் போனால் என்னவெல்லாம் நடக்கலாம் என்று நினைத்தபோது வயிறு கலங்கியது.

இன்னொன்று, டாக்டர் பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் 1969-ல் எழுதிய நாவல், இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு'. வால்பாறை எஸ்டேட்டுகளில் டாக்டராக இருந்தவர், கேட்டதையும் பார்த்ததையும் கருப்பன், வள்ளி என்ற இருவரின் கதையாக்கினார். பெயர்கள் கற்பனை, பட்ட பாடு நிஜம். சந்திரகுமார் உயிரோடு திரும்பி வந்தார், தன் கதையைத் தானே எழுதினார். காய்ச்சலில் செத்துப்போன கூலிகள் எப்படி எழுதுவார்கள்? அவர்களுக்காகத்தான் நாவல். எனவே நாவலா, உண்மைக் கதையா என்ற சண்டையே வீண்.

நண்பர்களே! நாளைக்கு நாம்தான் டேப் பிடிக்கப் போகிறோம், லெவல் பார்க்கப் போகிறோம், சூப்பர்வைசர் நாற்காலியில் உட்காரப் போகிறோம். டேப்பின் அந்த முனையில் ஒரு வீடு இருக்கும். மஸ்டர் ரோலில் கைநாட்டு வைக்கிறவனுக்கு ஒரு ஊர் இருக்கும். அதைப் பார்க்கிற கண்ணை ரெக்கார்டு நோட்டு தராது. நத்தம் சாலையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் நமக்கு எட்டாத தூரமில்லை. மாதம் ஒரு புத்தகம் போதும்.

அரியரையும் கிளியர் பண்ணுவோம். அதோடு இதையும் படிப்போம்!

— சிவில் இறுதியாண்டு மாணவன், வண்டியூர்