சைக்கிளை விட்டு இறங்காதவர்கள்

சிரம்பானில் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்து இலைக்காரர் பேச்சுவாக்கில் சொன்னார்: "தோட்டத்து ஆளுங்க என்னைக்குங்க உரிமைன்னு வாயத் தெறந்தாங்க? 2007-ல ஹிண்ட்ராஃப் வந்துதான் நம்ம சனத்துக்கு முதுகெலும்பே மொளைச்சிச்சு. அதுக்கு முன்னாடியெல்லாம் தொரை சொன்னா சரி, கங்காணி சொன்னா சரி." எதிர் இலைக்காரரும் தலையாட்டினார். ரசம் வந்ததும் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மேடைகளிலும் சங்கக் கூட்டங்களிலும் நம் வீட்டுக் கூடத்திலும் இதே பேச்சுதான். தோட்டத் தமிழர் அடங்கிக் கிடந்தவர்கள், பெரியவர்கள் சொல்வதெல்லாம் கதை, உண்மை வேண்டுமானால் ஆவணத்தைப் பார், கிடைத்த உரிமையெல்லாம் தலைவர்கள் வாங்கித் தந்தது, பழையதைக் கிளறினால் வம்பு. இந்த ஐந்தும் கைகோத்துக்கொண்டு வரும். நான் நெகிரி செம்பிலானில், பகாவ் பக்கத்துத் தோட்டமொன்றில், லயத்தில் பிறந்தவன். தாத்தாவும் பாட்டியும் பேசப் பேச 1980களில் பதிவு செய்த கேசட் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. அதையும் அச்சில் உள்ள வரலாற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இந்த ஐந்துக்கும் பதில் சொல்கிறேன்.

"தோட்டத் தமிழர் கேள்வி கேட்டதே இல்லை"

1941-ஐ எடுத்துக்கொள்வோம். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் பின்னால், ஆர்.எச்.நாதன் போன்றவர்களின் முயற்சியில், ரப்பர்த் தோட்டத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அவர்கள் வைத்த கோரிக்கைகளில் சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி இருந்தது. பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளி, மருத்துவம், கள்ளுக்கடை மூடல், பெண்களிடம் முறைகேடாக நடப்பதற்கு முடிவு, பேசவும் கூடவும் உரிமை எல்லாம் இருந்தன. கூடவே இன்னொன்றும் இருந்தது: துரையோ கிராணியோ (தோட்டத்து எழுத்தர்) எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற கட்டாயம் ஒழிய வேண்டும்.

கூலி வயிற்றுக்கு. சைக்கிள் எதற்கு? அடங்கிக் கிடப்பவனுக்கு அப்படியொரு கோரிக்கை தோன்றவே தோன்றாது. மே மாதத் தொடக்கத்தில் நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். போராட்டம் சிலாங்கூரைத் தாண்டி நெகிரி செம்பிலான் தோட்டங்களுக்கும் பரவியது. மே 16-இல் சிலாங்கூரில் அவசர நிலை. படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள்.

போருக்குப் பிறகு பி.பி.நாராயணன் தொழிற்சங்கப் பணியைத் தொடங்கியது நம் நெகிரி செம்பிலான் தோட்டத் தொழிலாளர்களிடையேதான். சிதறிக் கிடந்த சங்கங்கள் ஒன்றாகி 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஆனபோது அதை நடத்தியவரும் அவரே. வேறு வழியில், இடதுசாரிகளோடு, போனவர்களும் உண்டு. 1948 ஜூனில் மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனம் தடை செய்யப்பட்டது. அதன் தலைவர் எஸ்.ஏ.கணபதி 1949 மே 4-ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். முதல் நாள், மே 3-ஆம் தேதி, அவருடைய தோழர் பி.வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டது நம் ஜெலுபுவில். அவர்களுடைய வழி சரியா தவறா என்று வாதாடலாம். ஆனால் ஜெலுபு சாலையில் கார் ஓட்டிக்கொண்டே "நம்ம ஆளுங்க என்னைக்குக் கேட்டாங்க" என்று பேசுவது எனக்கு ஒட்டவில்லை.

"கிழவர்கள் ஞாபகத்தை நம்ப முடியாது"

இந்த வாதத்தில் பாதி உண்மை. அதை மறைக்க மாட்டேன். கேசட்டில் தாத்தா சொல்கிறார்: "ஜப்பான்காரன் வந்தப்புறம் கிள்ளான் பக்கம் ஸ்ட்ரைக்கு. நாதன்னு ஒருத்தர். அந்தச் சூடு இங்கேயும் வந்திச்சு. அதுக்கப்புறம் தொரை காரு எதுக்க வந்தாலும் நான் சைக்கிள விட்டு எறங்கல."

ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையேறியது 1941 டிசம்பர் 8. வேலைநிறுத்தம் நடந்தது அதற்கு ஏழு மாதம் முன்னால். ஆக, தாத்தா சொன்ன வரிசை தப்பு. வருடத்தை அவரிடம் கேட்டு எழுதியிருந்தால் என் கட்டுரையும் தப்பாகியிருக்கும்.

சைக்கிளுக்கு வாருங்கள். தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கோரிக்கைப் பட்டியலை அவர் பார்த்ததில்லை. அவர் சொன்ன சைக்கிளை நானே பல வருடம் கழித்துத்தான் ஒரு வரலாற்று நூலில், அந்தப் பட்டியலில் பார்த்தேன். வருடத்தில் சறுக்கிய ஞாபகம், தன் உடம்பு பட்ட அவமானத்தில் சறுக்கவில்லை. ஜப்பான்காரன் காலம் அவர் வாழ்க்கையை இரண்டாகக் கிழித்துப் போட்டது. அதனால் பெரிய சம்பவம் எல்லாவற்றையும் அவர் அந்தக் கிழிசலுக்கு இந்தப் பக்கமே வைத்திருந்தார். கேட்கிறவர்கள் தேதியைப் புத்தகத்தில் சரிபார்த்துக்கொள்ளட்டும். சைக்கிளைத் தாத்தாவிடம்தான் கேட்க வேண்டும். சரிபார்க்க வேண்டும் என்பது வேறு, கேட்கவே வேண்டாம் என்பது வேறு. நம் ஆட்கள் முதலாவதைச் சொல்லிவிட்டு இரண்டாவதைச் செய்கிறார்கள்.

"ஆவணங்கள் இருக்கின்றன, அவை போதும்"

யார் எழுதிய ஆவணம்? தொழிலாளர் இலாகா அறிக்கையைப் புரட்டினால் கூலி விவரம் சுத்தமாக இருக்கும். ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று நிர்ணயக் கூலி. 1930-க்குப் பிறகு ரப்பர் விலை விழுந்தபோது வெட்டப்பட்ட கூலி. 1938-இல் மறுபடி வெட்ட முனைந்தபோது, ஜூனில் இந்திய அரசு ஆள் அனுப்புவதையே நிறுத்தியது. எல்லாம் இருக்கிறது. அந்த 40 காசைக் கையில் வாங்கியவள் அதை எப்படிப் பங்கு போட்டாள் என்பது இருக்காது.

இதைவிடக் கொடுமையான உதாரணம் சயாம் மரண ரயில். 1942, 43-இல் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர்ப் பாதை போட ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஆயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். அங்கே செத்த வெள்ளைக்காரப் போர்க் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறை உண்டு, பெயர் உண்டு, படைப்பிரிவு உண்டு. அவர்களைவிடப் பெருந்தொகையில் செத்த தமிழருக்குப் பெயர்ப் பட்டியலே இல்லை. எத்தனை பேர் என்பதற்குக்கூட மதிப்பீடுதான். ஆவணம் போதும் என்றால் இவர்கள் போகவும் இல்லை, சாகவும் இல்லை என்றாகிவிடும். எந்த லயத்திலிருந்து யார் போனார், யார் திரும்பவில்லை, யார் பெண்டாட்டி எத்தனை வருடம் தாலியைக் கழற்ற மறுத்தாள் என்பதெல்லாம் வாய்ச்சொல்லாக மட்டுமே நமக்கு வந்து சேர்ந்தது.

போருக்குப் பிந்திய அவசர காலத்தையும் பாருங்கள். 1950-இல் வந்த பிரிக்ஸ் திட்டத்தில் தோட்ட லயங்களையும் ஓரிடமாகச் சேர்த்து முள்வேலி போட்டார்கள். காட்டிலிருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு உணவு போகாமலிருக்க வாசலில் சோதனை. திட்டத்தின் பெயரும் நோக்கமும் அரசாங்க ஏட்டில் இருக்கின்றன. என் பாட்டி சொன்னது அதில் இல்லை: விடியுமுன் பெரட்டுக்கு (காலைப் பேர்ப்பதிவு) நின்று, வாசலில் இடுப்பு மடி வரை தடவவிட்டு, சோறு கொண்டுபோகக் கூடாது என்பதால் வெறும் வயிற்றோடு நிரைக்குப் போய், மரம் வெட்டி, மங்கில் (கிண்ணத்தில்) நிறைந்த பாலைத் தோள்கம்பான காண்டாவில் சுமந்து ஸ்டோர் வரைக்கும் வந்து கொட்டும்போது கண் இருட்டிக்கொண்டு வருமாம். "பசி பழகிப்போச்சு தம்பி, அந்தக் கை பழகல" என்றார். இதை எந்த அதிகாரி எழுதி வைப்பான்?

"உரிமையெல்லாம் தலைவர்கள் வாங்கித் தந்தது"

தலைவர்களைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றதைத் தொடர்ந்து துன் வீ.தி.சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மறுவருடமே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். யார் காசு? பால் வெட்டியவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கொடுத்த காசு. மாதம் பத்து வெள்ளி ஒதுக்குவது அன்றைய தோட்டக் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய முடிவு என்பது சங்கத்தின் கணக்கேட்டில் தெரியாது. வளையலை அடகு வைத்தவளிடம் கேட்டால் தெரியும்.

குடியுரிமையும் அப்படியே. 1957-இல் அரசியலமைப்புச் சட்டம் கதவைத் திறந்தது. முதல் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மலாய் மொழித் தேர்வில் சலுகையும் கிடைத்தது. அந்தக் கதவு வரை நடந்து போக வேண்டியவர்கள் கூலியாட்கள். ஒரு நாள் வேலையை விட்டால் ஒரு நாள் கூலி போச்சு. பிறந்த பத்திரம் கிடையாது. படிவத்தை நிரப்பக் கிராணியின் தயவு வேண்டும். போனவர்கள் நீல அட்டை வாங்கினார்கள், போகாதவர்கள் சிவப்பு அட்டையோடு நின்றார்கள். 1968-இல் இயற்றிய வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1969-இல் அமலானதும், குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் தேவைப்பட்டது. சுமார் 60,000 பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள் என்பார்கள். ஒரே லயத்தில், ஒரே சுவரின் இந்தப் பக்கம் நீல அட்டை, அந்தப் பக்கம் சிவப்பு அட்டை. அந்த வேறுபாட்டுக்குக் காரணம் பெரும்பாலும் ஒரு தாய் ஒரு நாள் கூலியை இழக்கத் துணிந்ததுதான். உரிமையைத் தலைவர் வாங்கியிருக்கலாம். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தவள் அவள்.

2007-க்கு வருகிறேன். நவம்பர் 25 அன்று இந்தியர் உரிமை கேட்டு ஹிண்ட்ராஃப் இயக்கம் நடத்திய பேரணியில், கோலாலம்பூரில் கண்ணீர்ப்புகைக்கும் நீர்ப்பீரங்கிக்கும் நடுவே நின்ற கூட்டத்துக்கு நம் சிரம்பானோடும் தொடர்பு உண்டு, ஹிண்ட்ராஃபின் பொ.வேதமூர்த்தி இங்கே வழக்கறிஞராக இருந்தவர். அந்த நாளை நானும் பெரிய நாளாகவே நினைக்கிறேன். ஆனால் அன்று தெருவில் இறங்கியவர்களில் பெரும்பகுதி தோட்டத்தை விட்டு வந்தவர்களும் அவர்கள் பெற்ற பிள்ளைகளும். முதுகெலும்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முளைக்காது. அப்பன் வழியில் வந்ததைத்தான் அன்று ஊர் பார்த்தது.

"பழையதைக் கிளறினால் இனப் பகை வளரும்"

அரையும் குறையுமாகச் சொன்னால் வளரலாம். முழுதாகச் சொன்னால் என்ன ஆகிறது பாருங்கள். 1937 மார்ச்சில் சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் முதலில் வேலையை நிறுத்தியது சீனப் பால்வெட்டுத் தொழிலாளர்கள். ஒன்றாக நின்று கேட்டால் கூலி உயரும் என்பதை நம்மவர்கள் பக்கத்து மலையில் கண்ணால் பார்த்தார்கள். 1941-இல் "சீனருக்கு இணையான கூலி" என்று கேட்டதில் சீனர் மேல் கோபம் இல்லை, அவர்களே அளவுகோல். எதிரே நின்றது கம்பெனி. சைக்கிளை விட்டு இறங்கச் சொன்னவர்களில் நம் நிறத்துக் கிராணிகளும் இருந்தார்கள். இதையும் சேர்த்துச் சொல்லும் பெரியவர் எந்த இனத்தின் மீதும் பழி போடுவதில்லை. பகைக்குப் பயந்து மூடி வைத்தால் பாதிக் கதை தெரிந்தவன் வாய்தான் ஓங்கும்.

ஐந்துக்கும் பதில் சொல்லியாயிற்று. ஆனால் பந்தியில் நான் பதில் சொல்லாமல் இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பக்கத்து இலைக்காரர் சொன்னதையே என் பாட்டியும் சொல்லியிருக்கிறார்.

கேசட்டின் இரண்டாவது பக்கம். "பாட்டி, நீங்க உரிமைக்காகப் போராடியிருக்கீங்களா?" என்று கேட்கிறேன். "நாங்க என்னத்தடா போராடினோம், வேலைக்குப் போனோம் வந்தோம்" என்கிறார். வெற்றிலை இடிக்கும் சத்தம் கேட்கிறது. எனக்கு வேறு கேள்வி தோன்றாமல், "ஆயாக்கொட்டகை எப்படி இருக்கும்?" என்று கேட்டுவைக்கிறேன். உடனே குரல் மாறுகிறது. கைப்பிள்ளைக்குப் பால் கொடுக்கக் கொட்டகைக்குப் போய் வந்தவளுக்கு அரைநாள் பேர்தான், அதாவது அரைக் கூலிதான், போடுவேன் என்று ஒரு கிராணி சொன்னானாம். மறுநாள் பெரட்டில் பெண்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றார்களாம். பிள்ளை இல்லாதவளும் நின்றாளாம். வெயில் ஏறியது, பால் நேரம் போயிற்று, துரைக்கு ஆள் போயிற்று. "அப்புறம் முழுப்பேர் போட்டான்" என்று முடித்துவிட்டு, மறுபடி வெற்றிலையை இடிக்கிறார்.

அவர் அகராதியில் அதற்குப் போராட்டம் என்று பெயர் இல்லை. அந்தச் சொல் மேடைக்காரர்களுடையது. நாம் மேடைச் சொல்லைக் கொண்டுபோய்க் கேட்கிறோம், அவர்கள் இல்லை என்கிறார்கள், நாம் வந்து பந்தியில் அதையே ஒப்பிக்கிறோம்.

செண்டாயானில் ரப்பர் நின்ற இடத்தில் புதுநகரம் எழுந்துவிட்டது. லயத்து ஆட்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சிதறிவிட்டார்கள். பெரட்டில் நின்றவர்களில் மிச்சமிருப்பவர்களுக்கு எண்பதும் தொண்ணூறும் ஆகிறது. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், போராடினீர்களா என்று கேட்காதீர்கள். பெரட்டு எத்தனை மணிக்கு, அரைநாள் பேர் யாருக்குப் போட்டார்கள், சைக்கிளை விட்டு இறங்கினீர்களா என்று கேளுங்கள்.