விலையில்லாதது வேறு, விடுதலையானது வேறு

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுவோர் இரும்பையும் மரத்தையும் தேர்வதில் காட்டும் கவனத்தை, கணினித் திரையில் லாரி கட்டும் இளைஞர்கள் எடிட்டரைத் தேர்வதில் காட்டுவதாகத் தெரியவில்லை. 2012இல் வெளிவந்த செக் நாட்டு விளையாட்டான 'யூரோ டிரக் சிமுலேட்டர் 2'க்கு 'மாட்' எழுதுவோரைச் சொல்கிறேன். வண்டியின் எஞ்சின், கியர் விவரங்கள் யாவும் அதில் வெறும் உரைக்கோப்புகளே. ஓர் அடைப்புக்குறியை மூட மறந்தால் கோப்பு பிழையாகிவிடும். ஆகவே குறிகளை இணைத்துக் காட்டுவதும் பல கோப்புகளில் ஒருசேரத் தேடுவதும் எடிட்டரின் அடிப்படைத் தகுதிகள்.

இலவச எடிட்டர்கள் பலவற்றிலும் இவை உண்டு. என் கேள்வி வேறு: இக்கருவி நாளையும் நம்மிடம் இருக்குமா? கிட்ஹப் நிறுவனம் 2022 டிசம்பரில் ஆட்டம் எடிட்டரைக் கைவிட்டது. மூலநிரல் திறந்திருந்தமையால் பிறர் அதைப் 'பல்சார்' என்ற பெயரில் தொடர்ந்தனர். விஷுவல் ஸ்டுடியோ கோடின் மூலநிரல் கட்டற்றது. மைக்ரோசாஃப்ட் வழங்கும் தொகுப்புக்கோ தனி உரிமம், பயன்பாட்டு விவரங்களை அனுப்பும் வழக்கமும் உண்டு. இவை நீங்கிய வடிவம் விஎஸ்கோடியம். 2003இல் தொடங்கிய நோட்பேட் பிளஸ் பிளஸ் முழுக்கக் கட்டற்றது. பழைய விண்டோஸ் கணினியிலும் சுணங்காது. தமிழ்ப் பட்டிகளும் உண்டு. தொடங்குவோருக்கு அதையே பரிந்துரைப்பேன்.

இலக்கிய வாசகர்களுக்கு இது அயலான செய்தியன்று. யூனிகோடு பரவுமுன் ஆளுக்கொரு குறியேற்றத்தில் தட்டெழுதிய படைப்புகள், உரிய எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாய் நின்றதை அறிவோம். எழுத்தை ஒரு கருவியிடம் அடகு வைத்ததன் விலை அது. யூடிஎஃப்-8இல் சேமித்த எளிய உரையோ, எழுதிய எடிட்டர் மறைந்தபின்னும் படிக்கக் கிடைக்கும்.