மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்

பழைய காரை வாங்குபவர், தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் தோற்றத்துக்கே அதை மீட்க விரும்புகிறார். வன்னியைப் பொறுத்தவரை அது தவறு என்பேன்.

1990களின் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காதபோது, அங்கே மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மண்ணெண்ணெயில் ஓடின. அவற்றின் இயந்திரங்களில் அமுக்க விகிதம் குறைவு. ஆதலால் தரம் தாழ்ந்த எரிபொருளையும் தாங்கின. ஆனால் குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. காபரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். செய்திக்காக அவற்றில் பயணித்த நாட்களில் என் சட்டையிலும் குறிப்பேட்டிலும் அந்த மணமே வீசும். நோயாளரையும் கர்ப்பிணிகளையும் வைத்தியசாலைக்குக் கொண்டு சேர்த்தவையும் அவையே.

2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது, முள்ளிவாய்க்காலில் எரிந்த வாகனங்கள் குவிந்து கிடந்தன. அத்தகைய அழிவுக்குத் தப்பிய கார் ஒன்று உங்கள் முற்றத்தில் நிற்கலாம். துருவை நீக்குங்கள், புதுப்பூச்சும் பூசுங்கள். கராஜ்காரர் தம் கையால் செய்த மாற்றங்களை மட்டும் கழற்றி எறிய வேண்டாம். ஒஸ்ரினும் மொறிஸும் இங்கிலாந்தில் பிறந்தவை. அவற்றை வன்னியின் கார்களாக்கியவை அந்த மாற்றங்கள்தாம். கிளிநொச்சியில் அப்படி ஒன்றையேனும் பிள்ளைகள் பார்க்கும்படி நிறுத்திவைக்க வேண்டும்.