நோய் எங்கிருந்து வந்தது என்று யார் சொல்ல வேண்டும்?

  

கொஞ்சம் நீளமான பதிவு. பிளேன்டீ ஒன்றை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்து வாசியுங்கள்.

நம்ம பக்கம் காய்ச்சலோ வயிற்றோட்டமோ நாலு வீட்டுக்கு வந்துவிட்டால், மருந்து எடுக்கப் போகுமுன் ஒரு கேள்வி வந்துவிடும்: "யார் கொண்டுவந்தது?" கொழும்பிலிருந்து வந்த பெடியன், கடைச் சாப்பாடு, கீழ் லயன் ஆட்கள், அல்லது "அவங்க". இந்த "அவங்க" ஆளுக்கு ஆள் மாறும். 2020இல் அது நாங்கள்.

அதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். இலங்கையில் முதல் நோயாளி 2020 ஜனவரியில் கண்டறியப்பட்ட சீன உல்லாசப் பயணி. மார்ச் மாதம் கண்டறியப்பட்ட முதல் இலங்கையர், இத்தாலியரை அழைத்துச் சென்ற சுற்றுலா வழிகாட்டி. ஏப்ரல் பிறந்ததும் தொலைக்காட்சியிலும் முகநூலிலும் கதையே மாறிப்போனது. நோயாளி முஸ்லிம் என்றால் செய்தியிலேயே இனமும் சேர்ந்து வந்தது. இந்தியாவில் டில்லி நிஸாமுத்தீன் கூட்டத்தை வைத்து நடந்ததும் இதே கதைதான். அங்கே வழக்குப் போடப்பட்ட வெளிநாட்டவர்கள் பலிக்கடாக்களாக்கப்பட்டார்கள் என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை 2020 ஆகஸ்ட்டில் எழுதிவைத்தது. அந்தத் தீர்ப்பை எத்தனை பேர் பகிர்ந்தார்கள்?

இப்போது விடயத்துக்கு வருவோம். ஒரு கிருமி எங்கிருந்து எப்படி வந்தது என்பதை ஊகிக்காமல் ஓரளவு படித்தே சொல்ல ஒரு வழி இருக்கிறது. மரபணு வரிசைப்படுத்தல் என்பார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஆசிரியர்களாகிய நாங்கள் இதைத் தினமும் செய்கிறோம்.

வீட்டு வேலைக் கொப்பி திருத்தும்போது ஒரு பிள்ளை "நுவரெலியா" என்பதை "நுவரேலியா" என்று எழுதியிருக்கும். அடுத்த கொப்பியிலும் அதே பிழை. மூன்றாவதில் அந்தப் பிழையும் இருக்கும், புதிதாக இன்னொன்றும் சேர்ந்திருக்கும். யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று யாரையும் அதட்டாமலே ஒரு படம் கிடைத்துவிடும். கொரோனா வைரஸின் மரபணு சுமார் 30,000 எழுத்துகள் கொண்டது. ஒரு உடலிலிருந்து இன்னொரு உடலுக்குப் போகும்போது அது தன்னைத் தானே பிரதி எடுக்கிறது. அப்படிப் போகும் வழியில் மாதத்துக்கு ஏறத்தாழ இரண்டு எழுத்துப் பிழைகள் நிலைத்துவிடும். இரண்டு நோயாளிகளின் கிருமியில் ஒரே பிழைகள் இருந்தால் அவர்கள் ஒரே சங்கிலியில் வந்தவர்கள். பிழைகள் வேறு வேறானால், பக்கத்து வீட்டுக்காரராக இருந்தாலும் தொற்று வேறு இடத்திலிருந்து வந்தது.

இதை நம் நாட்டிலேயே செய்தார்கள். 2020 ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையில் கொத்தணி வெடித்தது ஞாபகமிருக்கும். முதலில் கண்டுபிடிக்கப்பட்ட அந்தப் பெண் தொழிலாளியைச் சமூக ஊடகத்தில் எப்படியெல்லாம் கிழித்தார்கள்! அவருக்கு முன்பே அங்கே வேறு பலர் சுகமில்லாமல் இருந்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் வெளியே வந்தது. பின்னாலேயே பேலியகொட மீன்சந்தைக் கொத்தணி. கொழும்புக் கடைகளில் வேலை செய்த நம் தோட்டத்துப் பிள்ளைகள் தீபாவளிக்கு வீடு வர முடியாமல் தவித்ததும், வந்தவர்களை ஊரே ஒரு மாதிரிப் பார்த்ததும் அந்த நாட்களில்தான்.

அந்த ஒக்டோபர் முடிவதற்குள் ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழக ஆய்வுகூடம் மாதிரிகளை வரிசைப்படுத்திப் பார்த்தது. பேராசிரியர் நீலிகா மலவிகே, டாக்டர் சந்திம ஜீவந்தர குழுவினரின் வேலை அது. தொழிற்சாலையிலும் மீன்சந்தையிலும் பரவியது ஒரே வகை வைரஸ் என்று தெரிந்தது. முதல் அலையில் இங்கே இருந்த வகைகளிலிருந்து அது வேறுபட்டது. அதன் பரம்பரைக்கு பி.1.411 என்று பின்னர் பெயர் வந்தது. 2021 ஆரம்பம் வரை நாட்டில் ஓங்கியிருந்தது அதுதான். முதல் அலை மாதிரிகளிலோ ஒன்றுக்கு மேற்பட்ட பரம்பரைகள் இருந்தன. அதாவது, நோய் பல வழிகளில், பல தடவை நாட்டுக்குள் வந்திருக்கிறது. "ஒரு கூட்டம் கொண்டுவந்து பரப்பியது" என்ற கதைக்கு அந்த எழுத்துகளில் இடமே இல்லை.

அதே ஆய்வுகூடம்தான் 2021 பெப்ரவரியில் அல்பாவையும், ஜூனில் தெமட்டகொடையில் டெல்டாவையும் கண்டுபிடித்துச் சொன்னது. அரச பல்கலைக்கழகம் ஒன்றின் சிறிய குழு இதைச் செய்தது நமக்குப் பெருமை. அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

ஆனால் விஞ்ஞானம் இருந்தால் மட்டும் போதுமா? ஒரு பக்கம் ஆய்வுகூடம் இப்படி எழுத்தெழுத்தாகப் படித்துக்கொண்டிருந்த அதே மாதங்களில், மறுபக்கம் எங்கள் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே வழிகாட்டல் கொடுத்திருந்தது. ஏப்ரல் 11இல் இங்கே வர்த்தமானி, தகனம் மட்டுமே என்றது. நிலத்தடி நீரில் வைரஸ் கலக்கும் என்பது காரணம். கண்டியில் பிறந்து பேராதனையில் படித்த மாலிக் பீரிஸ், 2003இல் சார்ஸ் வைரஸைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர், இது நீரால் பரவும் நோயல்ல என்று வெளிப்படையாகவே சொன்னார். உள்ளூர் ஆய்வாளர்களும் சொன்னார்கள். கேட்க ஆள் இல்லை. பிறந்து 20 நாளான ஒரு சிசுவும் எரிக்கப்பட்டது. பொரளை கனத்தை மயான வேலியில் வெள்ளைத் துணி கட்டியவர்களில் எல்லா இனத்தவரும் இருந்தார்கள் என்பதை நன்றியோடு சொல்கிறோம். 2021 பெப்ரவரி இறுதியில்தான் அனுமதி வந்தது. பிறகும் ஓட்டமாவடிக்கு மட்டும். மலையிலிருந்து அங்கே ஒரு ஜனாஸாவைக் கொண்டுபோவது என்றால் என்ன பாடு என்று நினைத்துப் பாருங்கள். 3,600க்கும் மேற்பட்டோர் அங்கே உறங்குகிறார்கள். அவர்களில் இந்து, பௌத்த, கிறிஸ்தவ சகோதரர்களும் உண்டு. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. ஏற்றுக்கொள்வதும் ஏற்றுக்கொள்ளாததும் அந்தந்தக் குடும்பங்களின் உரிமை.

இதன் விளைவு ஒன்றை நாம் அதிகம் பேசுவதில்லை. பயத்தால் ஆட்கள் காய்ச்சலை மறைத்தார்கள். பி.சி.ஆர். எடுக்க வரமாட்டோம் என்றார்கள். மாதிரி கிடைக்காவிட்டால் வரிசைப்படுத்த என்ன இருக்கிறது? வகுப்பில் பாதிப் பேர் கொப்பி தராவிட்டால் எந்த வாத்தியாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. பழி சொல்லும் சமூகத்தில் நோயைத் தேடுவது இரட்டிப்புக் கஷ்டம்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இந்தப் பரிசோதனையையே பழி சொல்லும் ஆயுதமாக மாற்றவும் முடியும். டெல்டாவை "இந்திய வைரஸ்" என்று உலகமே அழைத்தது. அதனால்தான் 2021 மே 31 முதல் உலக சுகாதார நிறுவனம் கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்தது. அதே ஆண்டு நவம்பரில் தென்னாபிரிக்காவும் பொட்ஸ்வானாவும் ஒமிக்ரோனைக் கண்டுபிடித்து உலகத்துக்கு உடனே சொன்னபோது, கிடைத்த பரிசு பயணத் தடை. உண்மை சொன்னவனை வகுப்புக்கு வெளியே நிறுத்தினால் அடுத்த முறை யார் வாய் திறப்பார்? கொப்பிப் பிழையும் சங்கிலியைத்தான் காட்டும். யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று அதை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. அதற்கு வீடு வீடாக நடக்கிற பீ.எச்.ஐ. மாத்தயாவும் வேண்டும்.

சரி, கொரோனா போய்விட்டது, இப்போது எதற்கு இதெல்லாம் என்று கேட்பீர்கள். ஹெய்ட்டியைப் பாருங்கள். 2010இல் பூகம்பத்துக்குப் பிறகு அங்கே கொலரா வந்தது. அதற்கு முன் கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டாக அங்கே கொலரா பதிவானதே இல்லை. சுமார் 10,000 பேர் இறந்தார்கள். ஐ.நா. அமைதிப்படையின் நேபாள முகாமிலிருந்து வந்தது என்று மக்கள் சொன்னபோது ஐ.நா. மறுத்தது. 2011இல் நேபாளத்தின் கிருமி மாதிரிகளையும் ஹெய்ட்டியின் மாதிரிகளையும் வரிசைப்படுத்தி ஒப்பிட்டார்கள். சில மாதிரிகள் ஓரிரு எழுத்து வித்தியாசத்தில் ஒத்திருந்தன. 2016 டிசம்பரில் பான் கீ மூன் மன்னிப்புக் கேட்டார். அங்கே குற்றம் நேபாளியருடைய இனத்தில் இருக்கவில்லை. முகாமின் கழிவு ஆற்றில் கலந்ததில் இருந்தது. மாதிரியைத் தந்ததும் நேபாளம்தான், கவனியுங்கள்.

மலையில் இருக்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேலே ஓடையில் கலப்பது கீழே லயன் பைப்பில் வரும். பட்டிப்பொலையில் நாம் எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் நமக்கும் மேலே ஒரு ஊற்று, ஒரு தொட்டி, ஒரு மாட்டுத் தொழுவம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு வயிற்றோட்டமோ மஞ்சள் காமாலையோ கூட்டமாக வந்தால் "எந்த வீட்டுப் பிள்ளை முதலில்" என்பதைவிட "எந்தத் தண்ணீர்" என்று கேட்பது பிரயோசனம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மாதிரிகள் வேண்டும். தண்ணீரிலிருந்து ஒன்று, நோயாளிகளிடமிருந்து ஒன்று. அவை கொழும்பில் வைத்திய ஆராய்ச்சி நிறுவகம் வரை போக வேண்டும். முடிவு நம் மொழியில் திரும்பி வர வேண்டும். தோட்டத்துக் காய்ச்சலுக்குப் பனடோல் கொடுத்து அனுப்புவதோடு கதை முடியக்கூடாது. ஒவ்வொரு இருமலுக்கும் மரபணு பார்க்கச் சொல்லவில்லை. கூட்டமாக ஒரு நோய் வரும்போது பார்க்கச் சொல்கிறோம்.

ஆசிரியர்களும் பெற்றோர் சிலரும் சேர்ந்து சுகாதார வைத்திய அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதுகிறோம். தமிழிலும் சிங்களத்திலும் இருக்கும். மூன்று கோரிக்கைகள்தான்: குடிநீர்த் தொட்டிகளை ஒழுங்காகப் பரிசோதித்து முடிவை ஊரில் ஒட்டுவது, கூட்டமாக நோய் வந்தால் மாதிரிகளை அனுப்பி வைப்பது, நோயாளியின் பெயரும் இனமும் தோட்டமும் வெளியே போகாமல் காப்பது. விகாரை, கோயில், பள்ளிவாசல், தோட்டத் தலைவர்மார் எல்லோருடைய கையெழுத்தும் வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகும், ஞாயிறு காலை ஸ்டேஷன் பக்கமும் கடிதத்தோடு நிற்போம். பேனா நாங்கள் கொண்டுவருகிறோம்.