தடுப்பூசியும் மகப்பேறு அச்சமும்: தாமதமாக வந்த பதில்கள்

புதுதில்லி: 15 முதல் 18 வயது வரையிலானோருக்கு 2022 ஜனவரி 3-ஆம் தேதி தொடங்கப்பட்ட கரோனா தடுப்பூசிப் பணி, பெண் பிள்ளைகளைப் பெற்றோர் முன் ஒரு பழைய கேள்வியை மீண்டும் நிறுத்தியது. தடுப்பூசி செலுத்திக்கொண்டால் பிற்காலத்தில் குழந்தைப் பேறு பாதிக்கப்படுமா?

இந்த அச்சம் புதிதல்ல. 2021 ஜனவரி 3-ஆம் தேதி கோவிஷீல்டு, கோவாக்சின் ஆகியவற்றுக்கு அவசர கால ஒப்புதல் அளிக்கப்பட்ட அன்றே, ஆண்மைக் குறைவு ஏற்படும் என்ற பேச்சு அபத்தமானது என இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு தலைமை இயக்குநர் வி.ஜி. சோமானி மறுக்க வேண்டியிருந்தது.

ஆனால், அதே மாதம் 16-ஆம் தேதி தடுப்பூசிப் பணி தொடங்கியபோது, கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் பட்டியலில் இருந்து விலக்கி வைக்கப்பட்டனர். அவர்களிடம் தடுப்பூசி பரிசோதிக்கப்படவில்லை என்பதே காரணம். எனினும், எச்சரிக்கைக்காக எடுக்கப்பட்ட அந்த முடிவு, வதந்தியை நம்பியோருக்கு ஆதாரமாகத் தோன்றியதில் வியப்பில்லை. பாலூட்டும் தாய்மார்களுக்கு 2021 மே மாதத்திலும், கர்ப்பிணிகளுக்கு ஜூலை 2-ஆம் தேதியும் அனுமதி கிடைத்தது. இடையில் இரண்டாம் அலை வந்து சென்றுவிட்டது.

வதந்தி வேரூன்றுவதற்கு இந்தியாவில் வரலாற்றுக் காரணமும் உண்டு. அவசர நிலைக் காலத்தில், 1976-77-ஆம் ஆண்டில் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை சிகிச்சை செய்யப்பட்டது. அதில் கட்டாயத்தின் பங்கு பெரிது. பின்னர் மேற்கு உத்தர பிரதேசத்தில் போலியோ சொட்டு மருந்தும் மலட்டுத்தன்மையை உண்டாக்கும் என்று சந்தேகிக்கப்பட்டது. உள்ளூர் மதத் தலைவர்களையும் மருத்துவர்களையும் வீடு வீடாக அழைத்துச் சென்ற பிறகே அங்கு கதவுகள் திறந்தன.

கரோனா தடுப்பூசியால் உருவாகும் எதிர்ப்பணுக்கள் நச்சுக்கொடியில் உள்ள புரதத்தையும் தாக்கும் என்பது வதந்தியின் 'அறிவியல்' வடிவம். இரு புரதங்களுக்கும் இடையேயான ஒற்றுமை மிகச் சிறியது. அந்த வாதம் உண்மையானால், கரோனா தொற்றுக்கு ஆளான பெண்களும் கருவுற இயலாமல் போயிருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை.

அமெரிக்காவிலும் கனடாவிலும் குழந்தைப் பேற்றுக்கு முயன்ற 2,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் பாஸ்டன் பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2022 ஜனவரியில் வெளியாகின. தடுப்பூசிக்கும் கருவுறும் வாய்ப்புக் குறைவுக்கும் தொடர்பு காணப்படவில்லை. மாறாக, ஆணுக்குக் கரோனா தொற்று ஏற்பட்டிருந்தால், அடுத்த 60 நாள்களுக்கு அந்த வாய்ப்பு தற்காலிகமாகக் குறைந்திருந்தது. அதாவது, அஞ்ச வேண்டியது ஊசிக்கு அல்ல, நோய்க்கே.

மாதவிடாய் குறித்த விவகாரம் சற்று வேறுபட்டது. தடுப்பூசிக்குப் பின் சுழற்சி தள்ளிப்போவதாகப் பெண்கள் கூறியபோது, பல இடங்களில் அது மன அழுத்தம் என்று ஒதுக்கப்பட்டது. ஏறத்தாழ 4,000 பேரின் தரவுகளை ஆராய்ந்த மற்றோர் அமெரிக்க ஆய்வு, சுழற்சி சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவாக நீள்வதை உறுதி செய்துள்ளது. அது கருவுறும் திறனைப் பாதிக்கும் அளவிலான மாற்றம் அல்ல. ஆயினும், பெண்கள் கூறியது கற்பனையும் அல்ல.

இவை அமெரிக்காவில் பயன்படுத்தப்பட்ட தடுப்பூசிகள் தொடர்பான ஆய்வுகள். 2022 ஜனவரியில் இந்தியச் சிறுமிகளுக்குச் செலுத்தப்பட்டதோ, செயலிழக்கச் செய்யப்பட்ட வைரஸைக் கொண்ட கோவாக்சின். இத்தகைய தொழில்நுட்பம் பல பத்தாண்டுகளாகப் பயன்பாட்டில் இருப்பதும், அந்த வைரஸால் உடலில் பெருக முடியாது என்பதும் ஆறுதல் அளிப்பவை. எனினும், வீட்டு வாசலில் தாய்மார்களின் கேள்விகளுக்கு விடையளிக்கும் ஆஷா பணியாளர்களின் கையில், இந்தியப் பெண்களிடமே திரட்டப்பட்ட தரவுகளை அரசு அளிக்க வேண்டும்.