ஆற்றுப்படுத்துவதற்கு என்ன விலை?

"மாத்திரையை அரசு இலவசமாகத் தருகிறது. வந்து வாங்கிக்கொள்வது நோயாளியின் பொறுப்பு. வராதவரைத் தேடிப்போக ஆற்றுப்படுத்துநரும் களப்பணியாளரும் எதற்கு? வீண்செலவு!" எச்.ஐ.வி. பற்றிப் பேச்செழும்போதெல்லாம் நன்கு கற்றவர்களும் உதிர்க்கும் வாதம் இது. சிக்கனத்தின் குரலில் ஒலிக்கும் இவ்வாதம் கணக்கிலேயே பிழையானது.

மேலைநாடுகளில் ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்ற கூட்டு மருந்தை 2001இல் சிப்லா நிறுவனம் 350 டாலருக்குத் தர முன்வந்தது. 2023இல் உலகளாவிய நிதியம் அறிவித்த முதல்வரிசை மருந்தின் விலை ஆண்டுக்கு 45 டாலருக்கும் கீழ். இந்திய அரசு 2004 ஏப்ரல் முதல் இம்மருந்தை இலவசமாக வழங்குகிறது. மருந்து மலிந்துவிட்டது, அதை இடையில் நிறுத்துவதுதான் விலைமிக்கது. நிறுத்தியவர் உடலில் கிருமி மீண்டும் பெருகும். காசநோய் தொற்ற இடமுண்டாகும். மருந்துக்கு அடங்காத கிருமி தோன்றினால் விலைகூடிய மருந்து தேவைப்படலாம். இந்தியா உட்பட ஒன்பது நாடுகளில் 1,763 இணையர்களிடம் நடந்து 2011இல் வெளியான ஆய்வு, சிகிச்சையை உடனே தொடங்கியவர்களிடமிருந்து இணையருக்குத் தொற்றுவது 96 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. ஆக, ஒருவரைச் சிகிச்சையில் தக்கவைக்கும் செலவு இன்னொருவரையும் காக்கிறது. வீண்செலவு என்போரின் கணக்கேட்டில் இந்த வரவு எங்கே?

இனி 'நோயாளியின் பொறுப்பு' என்பதற்கு வருவோம். கம்பம், கூடலூர், தேவாரம் பகுதிகளிலிருந்து விடியுமுன்பே ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறி, கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குச் செல்வோரை நாமறிவோம். கம்பத்திலிருந்து தேனி அரசு மருத்துவக் கல்லூரி அமைந்த க.விலக்கு ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். மாத்திரைக்கு விலையில்லை; ஆனால் அதை வாங்கச் செல்லும் நாளுக்குக் கூலியில்லை. 'எங்கே போனாய்?' என்று கங்காணியும் பக்கத்துவீட்டாரும் கேட்டால் சொல்ல விடையுமில்லை. அந்த அச்சத்தைப் பொறுப்பின்மை என்று பெயரிட்டழைப்பது, மாதச் சம்பளக்காரராகிய நமக்கு எளிது.

செலவைக் குறைத்தே தீரவேண்டுமென்றால், டிசம்பர் 1 ஊர்வலத்தின் பதாகைகளில் குறையுங்கள். உடல்நிலை சீராயிருப்பவருக்கு ஒரே தடவையில் பல மாத மருந்தைக் கொடுங்கள். கூலி போகாத நேரத்தில், வீட்டுக்கு அருகில் கொடுங்கள். தேடிப்போகும் மனிதரை மட்டும் குறைக்காதீர்கள்.

பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள். பரிசில் பெற்றவன், வழியறியாது வாடுபவனுக்கு வழிகாட்டுவதே அவ்வகைப் பாட்டின் மரபு. மருந்தால் தேறியவரே தயங்கி நிற்பவரைக் கைப்பிடித்து அழைத்துவருவதும் அம்மரபுதான். வகுப்பறையில் அதைப் போற்றிவிட்டு வெளியே வந்து வீண்செலவென்று சொல்ல, தமிழ் படித்தவருக்கு எப்படி நா எழுகிறது?